பத்து மணிக்கு நம்மைப் பேச விடுங்கள்

அவைக்குத் தலைமை ஏற்று, இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஐயா யோகநாதன் அவர்களே, சற்று முன் பேசி நம் நிகழ்ச்சிக்கு முடிவுநாள் குறித்த வானொலி நிர்வாகி ஐங்கரன் அவர்களே, பத்து மணிப் பேச்சு நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தங்கை சிவமலர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சாலை நெரிசலில் நொந்து நூலாகி இந்த பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த நேயர்களே, உங்கள் அனைவருக்கும் லோரிக்காரன் சுகுமாறனின் வணக்கம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மழை. மீதியைச் சொல்லிக்கொடுத்தது லோரி ரேடியோ.

நிர்வாகி என்ன சொன்னார்? இந்த மாநகரத்தில் பேச்சு வானொலிக்கு எதிர்காலம் இல்லையாம். அடுத்த மாதம் முதல் பத்து மணிக்கும் பாட்டுதானாம். ஏன்? நாம் பேச மாட்டேன் என்கிறோமாம். உண்மையா, பொய்யா? உண்மைதான். அண்ணே, கைதட்டாதீர்கள், இது நம்மைத் திட்டும் இடம்.

நிகழ்ச்சிக்குப் போன் போட்டு நாம் பேசும் அழகு எப்படி? சிவமலர் கேட்பார், "அங்கிள், விலைவாசி பத்தி என்ன நினைக்கிறீங்க?" அங்கிள் சொல்வார், "நல்லா இருக்கேம்மா. நீங்க சாப்பிட்டாச்சா?" அடுத்து வாழ்த்துப் பட்டியல். மனைவிக்கு, மக்களுக்கு, மச்சானுக்கு, மச்சானின் முதலாளிக்கு. கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பெயர் இருக்காது. நடுவில் ரேடியோவைக் குறைக்கவும் மாட்டோம். குறைத்தால் நம் குரலை நாம் எப்படிக் கேட்பது? நாம் சொன்ன வணக்கம் நான்கு நொடி கழித்து ரேடியோவில் வரும். யாரோ பெரியவர் என்று நினைத்து அதற்கும் ஒரு வணக்கம் வைப்போம். "ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்தவர் நம் சிவமலர்.

ஆனால் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கூட்டரசு நெடுஞ்சாலையில் என் லோரி நகரவில்லை. நிகழ்ச்சியின் தலைப்பும் அதுதான்: நெரிசலுக்குத் தீர்வு என்ன? கிள்ளானிலிருந்து இராஜம்மா அக்கா அழைத்தார்.

"நெரிசல் கெடக்கட்டும்மா. ஒரு பாட்டு போடுங்க."

"அக்கா, இப்ப பேச்சு மட்டும்தான் லா."

"அப்ப பேராவது சொல்லிக்கிறேன். வீட்டுக்காரர் நாகையா, மருமக விஷ்ணுப்ரியா, பூச்சோங்ல என் கூட்டாளி பவுனம்மாள். அவ மூணு நாளா போன் எடுக்கல, என்னான்னு தெரியல..."

வேறு அறிவிப்பாளராக இருந்தால் நன்றி சொல்லிப் போனை வைத்திருப்பார். சிவமலர் கேட்டார், "எந்த பிளாட் அக்கா?" அக்கா சொன்னார். அடுத்த அழைப்பு பூச்சோங்கில் அதே பிளாட்டிலிருந்து வந்தது.

"அவங்க எங்க மேல் மாடிதான். லிஃப்ட் கெட்டு நாலு நாளாச்சு. முட்டி வலி, எறங்க முடியல. போன் வாளியில விழுந்துருச்சு. ரிப்பேருக்குக் குடுக்கவும் எறங்கணும்ல? கஞ்சி நான்தான் குடுத்தேன்."

அவ்வளவுதான். சுங்கை பூலோவிலிருந்து ஒருவர், "எங்க லிஃப்ட் தீபாவளிக்கே நின்னுருச்சு" என்றார். மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்காரர், "எங்கம்மா எட்டாவது மாடி, கோயிலுக்குப் போயி ரெண்டு மாசம்" என்றார். நாற்பது நிமிடம். ஒருவரும் பாட்டுக் கேட்கவில்லை. ஒருவரும் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. நெரிசல் விட்டும் நான் லோரியை ஓரங்கட்டிக் கேட்டேன். மூன்றாம் நாள் பூச்சோங் லிஃப்ட் ஓடியது. பவுனம்மாள் கீழே இறங்கி, முதல் வேலையாகப் போனை ரிப்பேருக்குக் கொடுத்தார். இதோ மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். அக்கா, எழுந்திருக்க வேண்டாம். முட்டியைப் பாருங்கள்.

அந்தப் பேச்சு எங்கே பிறந்தது? தலைப்பிலா? நாம் கேலி செய்யும் அந்தப் பட்டியலில் பிறந்தது. தலைப்பைக் கொடுத்தால் தயங்குவோம். ஆளைக் காட்டினால் அருவியாவோம். நெரிசலைப் பற்றி நமக்குப் பேச வராது. நெரிசலில் நிற்கும் நாகையாவைப் பற்றிக் கேளுங்கள், நிறுத்த முடியாது. இத்தனை இலட்சம் பேர் வாழும் ஊரில், எனக்கு இன்னாரைத் தெரியும், அவருக்கு என்ன ஆச்சு என்று கேட்க ஓர் இடம் வேண்டாமா? அந்த இடத்துக்கா எதிர்காலம் இல்லை? பாட்டு எல்லார் போனிலும் இருக்கிறது. பவுனம்மாள் எந்தப் போனில் இருந்தார்?

ஐங்கரன் சார், இன்னும் ஆறு மாதம் கொடுங்கள். மேடையிலேயே பதில் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். நாளை பத்து மணிக்கு நீங்களே நிகழ்ச்சிக்குப் போன் செய்யுங்கள். வீட்டார் பெயரெல்லாம் தாராளமாகச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று, ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். உங்கள் பதில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்ட தாய்மார்களுக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட தலைவருக்கும் நன்றி. இன்றைய வணக்கம் என்னுடையது. நாளைப் பத்து மணி வணக்கம், சார், உங்களுடையது.