தறி நின்றபோது கேட்ட சத்தம்

சோமனூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் மருந்துப் பையோடு இருந்த பெண், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "அன்னிக்குக் கரண்ட் போனது நல்லதாப் போச்சுங்க."

"ஏனுங்க அப்படி?"

"வீட்டோட இருக்கற விசைத்தறி அத்தனையும் நின்னுபோச்சு. ஒரு சத்தம் மட்டும் நிக்கலீங்க. உள்ள போய்ப் பாத்தா, எங்க பையன் செவுத்துல தலைய முட்டீட்டு இருக்கறான். பத்து வயசுங்க, பேச்சு வராது. எத்தன நாளா முட்டுனானோ, தறிச் சத்தத்துல எங்களுக்குத் தெரியலீங்க."

"அழுகலீங்களா?"

"இல்லீங்க. அவனுக்கு வலிக்காதாட்ட இருக்குதுன்னு நாங்க நெனச்சோம். டாக்டர் அப்படி நெனச்சராதீங்கன்னு சொல்லிப்போட்டாரு. அடி விழுந்ததும் வலிய அமுக்கற மருந்தச் சில பேருக்கு மூளையே சுரந்துக்குமாமுங்க. அழுகாட்டியும் அடிபட்டது அடிபட்டதுதான்னாரு."

"இப்பப் பையன்கூட யாருங்க?"

"அவங்கப்பா இருக்காருங்க."

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்பத் தறி ஓடீட்டு இருக்குமே" என்றார்.

போனை எடுத்து அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். என் நிறுத்தம் வந்தது. இறங்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன்.