பக்கத்து வீட்டு மீட்டர்

— நான் திருடின்னு எழுதியிருக்கிற அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படி, கண்ணு. கண்ணாடி போட்டுக்கிட்டுக் கேக்கறேன்.

— திருடின்னு எழுதலைம்மா. "மீட்டரில் கை வைத்திருக்கலாம் என ஐயம்"னுதான் இருக்கு.

— ரெண்டும் ஒண்ணுதான். இது கோட்டுப் போட்டுட்டு வந்திருக்கு, அவ்வளவுதான்.

— மிஸஸ் டஃப், கம்பெனி என்னைச் சோதிக்கத்தான் அனுப்பியிருக்கு. சீல் உடையாம இருந்தா நான்பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்.

— உன் பேர் என்ன சொன்ன?

— லோர்னா.

— இங்க பாரு லோர்னா. கடுதாசி போட்டது முதல்ல நான். ஏழு கடுதாசி. விளக்குப் போட்டாலும் போடாட்டியும் தினம் அறுபது பென்ஸ் நிலைக் கட்டணம் பிடிக்கிறீங்களே, எதுக்குன்னு கேட்டேன். வெள்ளிக்கிழமை கடையில மீட்டர் சாவியை நீட்டிக் கரண்டுக்குக் காசு ஏத்திட்டு வரேன், அதுல முக்கால்வாசி உங்க பெட்டி சும்மா தொங்கறதுக்கே போயிடுது. நியாயமாப் பார்த்தா நீங்கதான் எனக்கு வாடகை தரணும்.

— அந்தக் கடுதாசியாலதாம்மா உங்க கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. பழைய ரிக்கார்டு மொத்தமும் பார்த்தாச்சு. ஒரு நாளைக்கு அரை யூனிட். அரை யூனிட்ல ஒரு பல்பு எரியும், கொஞ்ச நேரம் ரேடியோ பாடும். அவ்வளவுதான்.

— சிக்கனம்.

— உள்ள ஹீட்டர் ஓடுது. ஓவன்ல ஸ்கோன் பன் வேகுது, படியேறும்போதே வாசனை வந்துச்சு. சிக்கனத்துல ஸ்கோன் வேகாதும்மா.

— ரெண்டு எடுத்துக்க. வெண்ணெய் அந்தக் கிண்ணத்துல.

— பேச்சை மாத்தாதீங்க. கை வச்சது உறுதியாச்சுன்னா ஆறு வருஷத்துப் பணம் கேப்பாங்க, கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்க, கனெக்ஷனையும் பிடுங்கிடுவாங்க. அதான் உண்மையைச் சொல்லிடுங்கன்னு கேக்கறேன்.

— எழுபத்திரண்டு வயசாச்சு எனக்கு. டண்டீயில எந்தத் தெருவுல வேணா போய்க் கேளு. நெட்டா டஃப் அடுத்தவங்க பென்னி ஒண்ணை எடுத்தான்னு ஒருத்தர் சொல்லட்டும், நானே உனக்கு அந்தப் பெட்டியைக் கழட்டித் தரேன்.

— சரி, வாங்க. பெட்டி படிக்கட்டு அலமாரியிலதானே?

— ஆமா. ரெண்டு வீட்டுதும் ஒண்ணா அங்கதான். கதவைத் தூக்கித் திற, கீல் போயிடுச்சு. முன்னாடியெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்துச்சு, சமையக்கட்டுல. காசு போடற பெட்டி. நீ பார்த்திருக்க மாட்ட.

— எங்கம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க.

— அம்பது பென்ஸ் போட்டு, திருகினா உள்ள டங்குன்னு விழும். அந்தச் சத்தம் கேட்டாதான் வீட்டுல எல்லாருக்கும் மூச்சு வரும். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆள் வந்து பெட்டியைத் திறந்து மேஜை மேல கொட்டுவாரு. அடேயப்பா, என்னென்ன இருக்கும் தெரியுமா அதுல! அயர்லாந்துக் காசு, கோட்டுப் பித்தான், வாஷர். மாடிவீட்டுக்காரன் ஐஸ் கட்டியைக் காசு மாதிரி வார்த்துப் போடுவான், கரைஞ்சு போயிடும், சாட்சியே கிடையாது. பெட்டி துருப்பிடிச்சுத்தான் மாட்டிக்கிட்டான்.

— உங்க பெட்டியில?

— ஒரு வாஷர் கிடையாது. எண்ணி முடிச்சு, கூடப் போட்டிருந்ததை அந்த ஆள் திருப்பித் தருவாரு. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல மீனும் சிப்ஸும். பிள்ளைங்க அவரை மாமான்னே கூப்பிடும்.

— சீல் நல்லாத்தான் இருக்கு. யாரும் தொட்ட மாதிரி தெரியலை.

— நான் சொல்லலை? விளக்கு போயிட்டா, கையில காசும் இல்லைன்னா, சுவத்துல மூணு தட்டு. பக்கத்து வீட்டு எல்சி ஒரு காசைக் கொண்டாந்து கதவுல இருக்கிற கடுதாசி ஓட்டை வழியா உள்ள போடுவா. எதுக்குன்னு கேக்க மாட்டா, திருப்பித் தான்னும் கேக்க மாட்டா. அவ தட்டினா நான் போடுவேன். அதுக்குன்னே அடுப்பு மேல ஜாம் ஜாடி வச்சிருந்தேன். நாலு காசுக்குக் குறைய விடமாட்டேன். இப்போ சாவியாம், திரையாம். அதுல எவ தட்டுவா, எவ போடுவா!

— இந்தச் சாவி மீட்டர் எப்போ வந்துச்சு?

— எல்சி செத்த வருஷம். முப்பத்தஞ்சு வருஷமாச்சு. வந்ததுலேருந்து என் விளக்கு ஒரே ஒரு தடவைதான் அணைஞ்சிருக்கு. வருஷக் கடைசி நாள், புத்தாண்டுக் கேக்கு ஓவனுக்குள்ள பாதி வெந்திருக்கு. என் சாவியில பன்னிரண்டு பவுண்டு இருந்துச்சு, கண்ணு! போன்ல உங்க ஆளுங்களை நான் திட்டின திட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

— பன்னிரண்டு பவுண்டு இருக்கும்போது அணைஞ்சுதா? ஒரு நிமிஷம் இருங்க. உள்ள போய்க் கெட்டிலைப் போடுங்க. கதவு திறந்தே இருக்கட்டும்.

— டீ வேணும்னா நேரா கேட்டா என்ன? ... போட்டாச்சு!

— இப்போ உங்க மீட்டரை அணைக்கறேன். நின்னுடுச்சா?

— இல்லையே. நல்லா கொதிக்குது.

— மறுபடி பாருங்கம்மா. மீட்டர் செத்துக் கிடக்கு இங்க.

— கொதிக்குதுங்கறேன், ஆவி மூஞ்சியில அடிக்குது!

— ஏய், யாரது அலமாரியில? பந்தாட்டம் கேட்டுக்கிட்டிருக்கேன், ரேடியோ போயிடுச்சு!

— மன்னிச்சுக்கங்க சார், கம்பெனியிலேருந்து. ஒரு நிமிஷம், இந்த இன்னொரு மீட்டரையும் அணைக்கறேன். மிஸஸ் டஃப்?

— ஐயையோ, கெட்டில் நின்னுடுச்சு.

— அப்பாடா! கை வைக்கலைம்மா, நீங்க எதையும் செய்யலை. சாவி மீட்டர் மாட்ட வந்தவங்க வயரை மாத்தி மாட்டிட்டுப் போயிருக்காங்க. உங்க பெட்டி இவர் வீட்டுக்கு, இவர் பெட்டி உங்க வீட்டுக்கு. சார், நீங்க மிஸ்டர் பெட்ரிதானே?

— ம்ம். சாண்டி பெட்ரி.

— கண்ணு, அந்த ஆள்கிட்ட பேச்சுக் கொடுக்காத.

— ஏம்மா? பக்கத்து வீட்டுக்காரர்தானே? நீங்க சொன்ன எல்சி...

— எல்சியோட புருஷன்தான். கருங்காலி. டின் ஃபாக்டரியில வேலைநிறுத்தம், பதினாலாவது வாரம், ஊரே வாசல்ல பனியில நிக்குது. இவன் கம்பெனி பஸ்ஸுல உக்காந்து எங்களைத் தாண்டிப் போறான். அன்னியிலேருந்து ஒரு வார்த்தை கிடையாது. கஞ்சப் பிசுநாறி வேற. ஒத்தை பல்பு, வீட்டுக்குள்ளேயே கோட்டும் தொப்பியும், டப்பா கேஸ் அடுப்புல சூப்பு. ஜன்னல்ல பார்த்தா ஆள் இருக்கிறதே தெரியாது.

— அதெல்லாம் இருக்கட்டும், தாயி. ரேடியோ எப்போ வரும்?

— இதோ, ரெண்டையும் போட்டுட்டேன். மிஸ்டர் பெட்ரி, உங்க கணக்கு இந்த டேப்லட்ல இருக்கு. குளிர்காலத்துல வாரம் முப்பது பவுண்டுக்குக் குறையாம ஏத்தியிருக்கீங்க. ஒத்தை பல்புக்கு! ஒரு புகார்கூட இல்லையே, ஏன்?

— புகார் பண்ண என்ன இருக்கு.

— முப்பது பவுண்டு சார்!

— கண்ணு, அவரைக் கேளு. முப்பது பவுண்டு போறது தெரியாத அளவுக்கு மறதியான்னு கேளு.

— தெரியும்.

— என்ன தெரியும்னு கேளு.

— மாத்தி மாட்டினது தெரியும். முதல் வருஷமே. வருஷக் கடைசி நாள் சாவியில காசு தீர்ந்து போச்சு, போட மறந்துட்டேன். ஆனா என் பல்பு எரியுது. என்னடான்னு பார்த்தா அந்தப் பக்கம் நெட்டா கேக்கு, கேக்குன்னு கத்தறா. ஓடிப்போய்க் கடையை மூடறதுக்குள்ள அஞ்சு பவுண்டு ஏத்திட்டு வந்து சாவியைச் சொருகினேன். கத்தல் நின்னுடுச்சு.

— நடுவுல குழிஞ்சு போச்சு அந்தக் கேக்கு!

— மன்னிச்சுக்க.

— யார் கேட்டா உன் மன்னிப்பை? முப்பத்தஞ்சு வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்லியிருந்தா ஒரு மணி நேரத்துல மாத்தியிருப்பாங்களே!

— சொல்லணும்னா உன் கதவைத் தட்டணும். நீ திறக்க மாட்ட.

— நான் திறக்கலைன்னா கடுதாசி போடறது! கம்பெனிக்குப் போன் போடறது! சரி, வெளிச்சமா இருந்து தொலைக்கிறதுதானே? இருட்டுல எதுக்கு ஆந்தை மாதிரி உக்காந்திருந்த?

— என் வீட்டு பல்பு உன் சாவியில எரியுது, நெட்டா. உன் பென்ஷன்ல நான் குளிர் காயறதா? சனிக்கிழமை பந்தாட்டம் மட்டும் கேப்பேன். அதை எழுதி வச்சிருக்கேன், கடன்தான்.

— பார்த்தியா கண்ணு, பைத்தியத்தை! இடுப்பு ஆபரேஷனுக்குப் போய் ஒன்பது வாரம் கிடந்தானே, அப்போ? என் ஹீட்டர் ஒரு நாள்கூட நிக்கலையே?

— மார்ச் பன்னிரண்டு, ஒரே நாள்ல இருநூறு பவுண்டு ஏத்தியிருக்காரும்மா.

— ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள். உனக்கு மூட்டுவலி, குளிர் ஆகாது.

— இவன் பெரிய டாக்டர். யார் சொன்னா மூட்டுவலின்னு?

— படியேறும்போது பேசிக்கிட்டே ஏறுவியே.

— மிஸஸ் டஃப், உக்காருங்க. இந்தப் படியில உக்காருங்க. மிஸ்டர் பெட்ரி, எனக்கு அறிக்கை எழுதணும். தெரிஞ்சே கட்டினேன்னு சொன்னா காரணம் கேப்பாங்க. என்ன எழுதறது?

— காரணம் என்ன காரணம். இந்த அம்மா போட்ட காசு எங்க பெட்டியில எத்தனை விழுந்திருக்கு! எல்சிக்கு நெஞ்சுல சளி, வீடு சூடா இல்லைன்னா மூச்சு இழுக்கும். எத்தனை குளிருக்கு நெட்டா காசுல எங்க வீடு சூடாச்சுன்னு கணக்கே இல்லை. திருப்பித் தரணும். கதவு ஓட்டை வழியாப் போட்டா தூக்கி வெளிய எறிஞ்சிருப்பா. வயர் வழியாப் போட்டேன்.

— இப்படியெல்லாம் பேசினா நீ பஸ்ஸுல போனது இல்லைன்னு ஆயிடுமா, சாண்டி?

— ஆகாது. போனேன்தான்.

— ஏன் போனீங்க சார்? கேக்கலாமா?

— முந்தின நாள் சாயங்காலம் ஹீட்டர் நின்னுடுச்சு, தாயி. சங்கத்துல கொடுத்த படிக்காசு சோத்துக்கே போதலை. எல்சி உதடு நீலமாயிடுச்சு. சுவத்துல தட்டினேன். மூணு தட்டு. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப மூணு. நெட்டா வீட்டுல இல்லை, மீட்டிங்குக்குப் போயிருந்தா போல. அவ இருந்திருந்தா உடனே வந்திருக்கும் காசு. விடிஞ்சதும் பஸ் ஏறிட்டேன். அதுல வந்த கூலியில எல்சி மூணு மாசம் சூடாப் படுத்திருந்தா. அதோட போயிட்டா.

— ஒரு நாள்கூட நீ இதை யார்கிட்டயும் சொல்லலையே.

— சொல்லி என்ன நெட்டா. போனது போனதுதானே. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லை.

— இன்னிக்கே வயரைச் சரி பண்ணிடறேன், ரெண்டு பேர் பேருக்கும் கம்பெனி பணம் திருப்பித் தரும். அழாதீங்க மிஸஸ் டஃப், கெட்டது எல்லாம் முடிஞ்சு போச்சு. "நெட்டா டஃப் மீது எந்தத் தவறும் இல்லை"ன்னு கொட்டை எழுத்துல எழுதறேன், போதுமா?

— எழுதாத, கண்ணு.

— ஏம்மா?

— அன்னிக்கு நான் மீட்டிங்குக்குப் போகலை, சாண்டி. அடுப்புப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஆறு தட்டும் கேட்டுச்சு, ஜாடியில நாலு காசு இருந்துச்சு.