கைப்பிடியில் ஓர் அபிஷேகம்

ஃப்ளோரிடாவில் வீட்டுப் பின்புறம் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்குப் பாசி ஒரு தொல்லை, விருந்தாளிகள் இன்னொரு தொல்லை. எனக்கு இரண்டுமே தொல்லையாகத் தெரிந்ததில்லை. எங்கள் சின்னச் சபைக்கு ஞானஸ்நானத் தொட்டி கிடையாது; ஆகவே என் குளத்தில்தான் எல்லோரும் முழுகி எழுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். எதையும் மறைக்கும் எண்ணமில்லை.

இந்த வசந்தத்தில் குளத்தைச் சுற்றிப் புதிதாகத் தளம் போட்டேன். அதன்பின் முதலில் முழுகியவர் டிராக்டர் விற்கும் ஹோமர். படியின் எஃகுக் கைப்பிடியைப் பிடித்ததும் அலறினார்.

"பாஸ்டர், கைக்குள்ள என்னமோ ஏறுது!"

"பரிசுத்த ஆவியானவர்தான் ப்ரதர்! விட்டுடாதீங்க!" என்றார் பாஸ்டர் டெல்பர்ட், நடுக்குளத்தில் நின்றுகொண்டு.

ஹோமர் அழுதார். கரையில் நின்றவர்கள் பாடினார்கள். அடுத்த வாரம் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. சபையில் எனக்கு முன்வரிசையில் இடம். என் மேசையில் எப்போதும் யாராவது சுட்டுக் கொண்டுவந்த பெக்கான் பருப்புப் பலகாரம் இருந்தது. கணவர் போனபிறகு அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு கேட்டதில்லை.

எங்கள் சபையில் ரோஸ்கோ என்று ஓர் எலெக்ட்ரீஷியன், சந்தேகப் பிராணி. ஒருநாள் மீட்டரோடு வந்தான். ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் கைப்பிடியிலும் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சிஸ்டர் வெர்னா, உங்க ஆவியானவர் தெருக்கம்பத்துலேர்ந்து வர்றாரு."

"வாயைக் கழுவு, ரோஸ்கோ."

"நெசமாத்தான். எங்கயோ கசியுற கரண்டு மண்ணு வழியா வருது. குளத்து இரும்பு, மோட்டார், தண்ணி எல்லாத்தையும் ஒரே செம்புக் கம்பியால இணைச்சிருந்தா எல்லாம் சம அளவுல இருக்கும், ஷாக் அடிக்காது. தளம் போட்டவன் கைப்பிடிய மட்டும் விட்டுட்டான். இப்ப தண்ணிக்கும் கைப்பிடிக்கும் நடுவுல நிக்குற ஆளே கம்பி."

"அதான் எர்த் போட்டிருக்கே? பிரேக்கர் இருக்கே?"

"அதெல்லாம் உங்க மோட்டார் பழுதானா காப்பாத்தும். வெளியேர்ந்து வர்றதுக்கு அசையாது. லேசா விறுவிறுங்குதுன்னு விளையாடாதீங்க, சிஸ்டர். நெஞ்சு பலவீனமானவங்கள சாய்ச்சிடும்."

கைப்பிடியின் அடியிலிருந்த மூடியைத் தூக்கி, செம்புக் கம்பியைச் சேர்த்துத் திருகாணியை இறுக்கினான். பாஸ்டரிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நம்பிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிறு முழுகியவள் என் தோழி ஐடா. கைப்பிடியை இரு கையாலும் பற்றிக்கொண்டு காத்து நின்றாள். ஒன்றும் வரவில்லை. ஈரத்துணியோடு என் சமையலறையில் உட்கார்ந்து தேம்பினாள்.

"அந்த ஹோமர் பயலுக்கே குடுத்தாரு. என்னை மட்டும் வேணாம்னுட்டாரா, வெர்னா?"

கூட்டமும் சீக்கிரமே கலைந்தது. பலகாரம் எதுவும் வரவில்லை. அதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஐடாவின் கண்ணீரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்னொரு முறை முழுகு என்று சொன்னதும் நான்தான். அடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு முன், மூடியைத் தூக்கித் திருகாணியைக் கழற்றினேன். கம்பியை விலக்கி வைத்தேன். பிறகு உருளைக்கிழங்கு சாலட் செய்யப் போனேன்.

மழையில் மண் ஊறிக் கிடந்ததால் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்திருக்க வேண்டும். ஐடா கைப்பிடியைப் பற்றினாள்.

"வந்துட்டாரு, வெர்னா!" என்றாள் என்னைப் பார்த்து.

அதன்பின் கையை எடுக்கவே இல்லை. நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். ரோஸ்கோ மட்டும் பாட்டின் நடுவில் ஓடிவந்து, பிளாஸ்டிக் கம்பால் அவளைத் தள்ளி விலக்கினான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முகத்தில் அந்தப் புன்னகை மட்டும் அப்படியே இருந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அவள் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். அதைப் பொருத்த ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனவளே நான்தான். வேறு யார் போவார்கள், பாவம்?

நான் எப்போதாவது அந்தக் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்ததுண்டா என்று கேட்கிறீர்கள். இல்லை, சார். என் விசுவாசத்துக்கு அப்படிப்பட்ட அத்தாட்சியெல்லாம் தேவைப்பட்டதில்லை.