தகவலாளி எண் ஏழு

அந்த நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டு உட்காருங்கள், காற்று இங்கேதான் நன்றாக வரும். பழவேற்காடு கடைத்தெருவில் பாதிப் பேர் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருவதில்லை, இந்த ஃபேனுக்காகத்தான் வருகிறார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா, பேசுவார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு டைப் அடிக்க முடியுமா?

நந்தினி விஷயமாகப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். போன வருட விசாரணையில் அவளுடைய ஆய்வு வழிகாட்டியைக் கேட்டார்கள், லோகேஷைக் கேட்டார்கள், எங்கள் குப்பத்துத் தலைவரைக்கூடக் கேட்டார்கள். டைப் அடித்த மனோரமாவை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

காப்பி அடிக்கிற பிள்ளைகளைத் திட்டாதீர்கள். பத்து வருடமாக அவர்களுக்கு நான்தான் பைண்டிங் போட்டுத் தருகிறேன். திருட்டுப் புத்தி உள்ளவர்கள் குறைவு. பயந்தவர்களும் நேரமில்லாதவர்களும்தான் அதிகம். "ஏன்டா, சொந்தமா ரெண்டு பக்கம் எழுதக் கூடாதா?" என்று சின்னதம்பியைக் கேட்டேன். "அட போக்கா. சார் இன்னா படிச்சா பாக்கப் போறாரு? கனத்தத்தான் பாப்பாரு" என்றான். யாரோ ஒருவருடைய ஆய்வை அப்படியே கொடுத்தான், நன்றியுரை உட்பட. கல்யாணமே ஆகாதவன், மனைவிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் நன்றி சொல்லியிருந்தான். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் "குழந்தைகள் நலமா?" என்றாராம். இவனும் "நல்லா கீறாங்க சார்" என்றானாம். தேறிவிட்டான்.

நந்தினி அப்படி இல்லை. எங்கள் குப்பத்து ஆதிநாராயணன் மகள். எம்.ஏ. ஆய்வுக்கு அவள் எடுத்த தலைப்பு பாடு முறை. ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடம் நாலு இருந்தால், எல்லாரும் ஒரே நாளில் கட்ட முடியாது. சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள், இன்றைக்கு ஒரு கூட்டம், நாளைக்கு இன்னொன்று. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. அப்பாவோடு படகில் போய், ஈரக் கையோடு ஒரு நீள நோட்டில் எழுதினாள். தெரியாததை என்னிடம் வந்து கேட்டாள். யார் முறையை யார் பறித்தார், எந்தச் சண்டை எந்தக் கல்யாணத்தில் முடிந்தது, எல்லாம் நான் சொன்னதுதான். யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். என் புருஷன் போன பதினாறாம் நாள், அவருடைய பாடு முறையை அவர் தம்பிக்கு மாற்றி எழுதினார்கள். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை.

நோட்டை டைப் அடிக்க என்னிடமே கொடுத்தாள். நாலாவது அத்தியாயத்தில் என்னைப் பார்த்தேன். 'தகவலாளி எண் ஏழு. விதவை. வயது நாற்பத்தாறு.'

எனக்கு நாற்பத்து நான்குதான்.

அந்த வாரம்தான் லோகேஷ் வந்தான். மீஞ்சூர்ப் பையன், வேறு கல்லூரி, ஆனால் இதே பல்கலைக்கழகம். பகலில் தொழிற்சாலையில் ஷிப்ட், ரயிலில் தூக்கம். அவன் கல்லூரியில் ஆய்வை ஒப்படைக்க நாலு நாள்தான் இருந்தது, ஒரு வரிகூட எழுதவில்லை. "எதுனா குடுக்கா, இல்லாங்காட்டி எங்கம்மா முகத்துல முழிக்க முடியாது" என்றான். அழுகிற பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது? நந்தினி ஆய்வைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை, பொறுப்பாக உட்கார்ந்து திருத்தினேன். 'என் நைனாவின் படகில்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'என் மாமாவின் படகில்' என்று மாற்றினேன். அவன் அப்பா அரிசி மண்டியில் வேலை செய்கிறவர், பாருங்கள்.

ஏரியிலேயே இடம் யாருக்கும் சொந்தமில்லை என்று அவள்தானே எழுதியிருந்தாள். ஒருநாள் லோகேஷ் முறை என்று வைத்துக்கொண்டேன்.

அவன் முதலில் ஒப்படைத்தான், அவள் ஒன்பது நாள் கழித்து. கணினி ஒப்பிட்டுப் பார்த்துத் தொண்ணூற்று நான்கு சதவீதம் ஒரே மாதிரி என்றது. பின்னால் கொடுத்தவள்தானே திருடியிருக்க வேண்டும்? லோகேஷ் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான், நல்ல பிள்ளை. ஊர்க்காரர்கள் அவளுக்காகப் பேசியதை 'ஊர்ப் பாசம்' என்று தள்ளினார்கள். அவள் நோட்டில் ஒரு பக்கத்தின் ஜெராக்ஸைக் காட்டினாள், நகல் செல்லாது, கையெழுத்து நோட்டின் அசல் வேண்டும் என்றார்கள். இரண்டு வாரம் தவணை.

அன்றைக்கே ஓடி வந்தாள்.

"அக்கா, என் நோட்டு உங்ககிட்டதான கீது?"

"இன்னா நோட்டு? டைப் முடிஞ்ச அன்னிக்கே எடுத்துகினு போனியேம்மா."

"நானா? இல்லக்கா, நான் எடுக்கலியே."

"நல்லா ரோசன பண்ணு. பஸ்ல எங்கனா வுட்டிருப்ப."

அவள் யோசித்தாள். நான் சொன்னதைச் சந்தேகப்படுகிற பெண் இல்லை. மூன்று நாள் பொன்னேரியில் ஒவ்வொரு கண்டக்டராகக் கேட்டாள். ஒருநாள் நானும் கடையை மூடிவிட்டுத் துணைக்குப் போனேன். வெயிலில் தனியாக அலைய விடலாமா?

நோட்டைப் பக்கத்துக் கடை நாகம்மாளிடம் சுண்டல் மடிக்கக் கொடுத்துவிட்டேன். நந்தினிகூட அங்கே ஒரு பொட்டலம் வாங்கினாள். சாப்பிட்ட காகிதத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பட்டம் ரத்து, மூன்று வருடம் தேர்வு எழுதத் தடை, முனைவர் படிப்புக்குக் கிடைத்த இடமும் போனது. தெருவில் முதலில் சொன்னது நான்தான். செய்தி கண்டபடி திரிந்துவிடக் கூடாதே. இப்போது சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு கொட்டகையில் இறால் தலை கிள்ளுகிறாள். விரல் நுனியெல்லாம் வெந்து கிடக்கிறது. போன மாதம் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். "நீங்க மட்டும்தான்கா என்ன நம்புறீங்க" என்றாள்.

அவளுடைய மேல்முறையீட்டுக்குத் திங்கட்கிழமை கடைசி விசாரணை என்கிறீர்கள். நோட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்கிறீர்கள். இருக்கிறது, கடைசிப் பக்கம். இந்த இழுப்பறையில்தான். ஏரிக் காற்றில் காகிதம் நமத்துவிடும் என்று லேமினேஷன் போட்டிருக்கிறேன். படியுங்கள், அவள் கையெழுத்து அழகாக இருக்கும்.

'இந்தக் கதைகளை எனக்குச் சொன்னவர் மனோரமா அக்கா. உள்ளே பெயர் போட்டால் ஊரில் அவருக்குச் சங்கடம் வரும் என்று எண் மட்டும் கொடுத்தேன். அவர் இல்லையென்றால் இந்த ஆய்வு இல்லை.' கீழே தலைவர் கையெழுத்து, ஊர் முத்திரை, தேதி. லோகேஷ் ஒப்படைத்ததற்கு ஒரு மாதம் முந்தைய தேதி.

இதை மட்டும் அவள் மடித்துக் குண்டூசி குத்தி வைத்திருந்தாள், கடைசி நாளில்தான் டைப் அடிக்க வேண்டும் என்று. வாழ்க்கையில் நான் பிரித்துப் பார்க்காமல் விட்ட ஒரே பக்கம். எப்போது படித்தேன் என்றா கேட்கிறீர்கள்? லோகேஷுக்குக் கொடுப்பதற்கு முன்பா பின்பா என்றால், பின்புதான். நந்தினி நோட்டைக் கேட்டு வருவதற்கு முன்பா என்றால், ஆமாம், முன்புதான். அவள் ஒப்படைக்கிற அந்தக் கடைசி நாளில், பக்கத்தில் உட்கார்ந்து அவள் சிரித்துக்கொண்டிருக்க, என் பெயரை நானே டைப் அடித்தேன். நல்ல பெண். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கையை எடுங்கள், ரேகை படும். திங்கட்கிழமைக்கு வேண்டுமென்றால் தெளிவாக ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். அசலைத் தர முடியாது. அவள் ஆய்வின் அச்சடித்த பிரதிகளை எல்லாம் நீங்களே ரத்து செய்துவிட்டீர்கள். என் பெயர் மிச்சம் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.