வெள்ளிக்கிழமையோடு முடியும் இரண்டு வருஷம்

மன்றத் தலைவர் ஜெபதாஸ் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஷிஃப்ட் முடித்துச் சீருடையோடு ஓரகடத்திலிருந்து நேரே வந்திருக்கும் தோழர்களே, கணவர் கோதண்டத்தைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாப்பம்மாள் அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நம் நுகர்வோர் மன்றச் செயலாளர் கோதண்டம் அவர்களோடு ஒன்பது வருஷம் உட்கார்ந்து மனு எழுதிய கிரேசி நான். அழத்தான் வந்தேன். ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

கோதண்டம் யார்? கார் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பிரேக் லைனில் நின்றவர். அவரே ஏமாந்தார். பழுது பார்த்து வாங்கிய அவருடைய கார் பதினைந்தே நாளில் மறுபடி படுத்துவிட்டது. "அடுத்த வாரம் கொண்டாங்க சார், ஃப்ரீயா பாத்துக் குடுத்துடறோம்" என்று ஒர்க்‌ஷாப்காரர்கள் இனிக்க இனிக்கப் பேசினார்கள். கடைசியாக வண்டியை விட்ட நாளிலிருந்துதான் வழக்குப் போடும் கெடு என்று நம்பி இருபத்தாறு மாதம் அலைந்தார். நுகர்வோர் ஆணையம் என்ன சொன்னது? கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷம்தான், தாமதத்துக்கு நீங்கள் சொல்லும் காரணம் போதாது என்று மனுவைத் தள்ளிவிட்டது.

முடங்கிவிட்டாரா? இல்லை. இன்னொருவர் கெடு தவறக் கூடாது என்று கிளம்பினார். தேதியும் கோளாறும் எழுதிய ஜாப் கார்டை, வண்டியைத் திருப்பித் தரும்போது பிடுங்கி வைத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்கள் இங்கே உண்டு. தண்டலத்தில் அப்படி ஒரு முதலாளியின் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஃப்ரீயா பாக்கறது இருக்கட்டும்பா. இன்னா தேதில வண்டி வந்துது, இன்னா கோளாறுன்னு எழுதிக் குடு. வாங்காம எழுந்துக்க மாட்டேன்" என்றார். மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே பிரித்துவிட்டார். நாலு மணிக்குக் காகிதம் கைக்கு வந்தது.

என் கோபம் இதுதான். ஹாஸ்டல்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நம் செல்வலட்சுமியின் வேன், பிரேக் வேலை பார்த்து வாங்கிய மறுநாளே பிரேக் பிடிக்காமல் மோதியது. அவள் கை முறிந்தது. வரும் வெள்ளிக்கிழமையோடு இரண்டு வருஷம் முடிகிறது. மனுவை எழுதி முடித்த கோதண்டம், அவளிடம் கையெழுத்து வாங்குவதற்குள் போய்விட்டார். சுடுகாட்டிலிருந்து திரும்பிய மறுநாளே அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவளுக்குப் போன். "பெரியவரு காரியம் முடியட்டும்மா. பதினாறாம் நாளுக்கு அப்பால உக்காந்து பேசிக்கலாம்." துக்கம் விசாரிக்கிற சாக்கில் நாளைக் கடத்துகிறார்கள். அதைவிடக் கொடுமை, பதினாறு வரைக்கும் எந்த வேலையும் வேண்டாம் என்று நம் மன்றமே மரியாதைக்காகத் தீர்மானம் போட்டது. நானும்தான் கை தூக்கினேன். வெட்கமாக இருக்கிறது. சட்டம் நமக்காகத் துக்கம் காக்குமா? கோதண்டம் இறந்த நாளையும் அது ஒரு நாளாகத்தான் எண்ணியது.

நேற்று பாப்பம்மாள் அக்காவே என் வீட்டுக்குச் செல்வலட்சுமியின் ஃபைலோடு வந்தார். "அவரு சாவக் காட்டி கேஸ வுட்டுட்டீங்கன்னா, அவரு படத்து முன்னால வந்து நிக்காதீங்க" என்றார்.

தலைவர் அவர்களே, அந்தத் தீர்மானத்தை மீறுகிறேன். என்னை நீக்குவதானால் நீக்குங்கள். கோதண்டம் விட்ட வேலையை நாங்கள் தொடர்வோம், நாளைக் காலை பத்து மணிக்கே தொடர்வோம். ஷிஃப்ட் இல்லாதவர்கள் ஆணையத்துக்கு வாருங்கள். அந்த ஒர்க்‌ஷாப்காரர்களும் மாலையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருக்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

செல்வலட்சுமி, மேடைக்கு வாம்மா. மனு இதோ இருக்கிறது. அவர்கள் கண் முன்னால் கையெழுத்துப் போடு.