மக்காச்சோளத்து மேல பழி

...உன் மக்காச்சோளம்தான்யா காரணம்! வேற எது? மொறைக்காதே வெர்லின், நாலு வரிசைதானே சாஞ்சிருக்கு? ஏரோப்ளேன் எறங்கினா சாயாதா? நான் என்ன ஆசைப்பட்டா உன் காட்டுல எறங்கினேன்? நல்லாப் பறந்துக்கிட்டிருந்த என்ஜின் ரெண்டு தடவ இருமுச்சு, நின்னு போச்சு. அவ்ளோதான்.

கேளு. வெளையறத எல்லாம் நீங்க ஆலைக்கு அனுப்பிடறீங்க. அவன் அதுல சாராயம் காய்ச்சி, எத்தனால்னு பேர் வச்சு, பெட்ரோல்ல கலக்கறான். காருக்கு ஒண்ணும் ஆகாது, சரி. ஆனா இந்த ப்ளேன் என் கராஜ்ல பதினோரு வருஷமா நானே ஒவ்வொரு தகடா அடிச்சு ஒட்டினதுய்யா! இந்த ஜூலை வெயில்ல அந்தக் கலப்பு குழாய்க்குள்ளயே ஆவியாயிரும். ஆவி அடைச்சுக்கிட்டா என்ஜினுக்கு ஒரு சொட்டு போகாது. பங்க்காரன் 'கலப்பில்லாதது'ன்னு போர்டு வேற வச்சிருக்கான், திருட்டுப்பய!

என்ன? சோதிச்சுப் பாக்கலையாவா? யாரப் பாத்து என்ன கேக்கறே! இந்த அயோவா மாநிலத்துல வீட்ல ப்ளேன் கட்டறவனுக்கெல்லாம் அதச் சொல்லிக் குடுக்கறதே நான்தான். கண்ணாடி ஊறுகாய் ஜாடில கொஞ்சம் தண்ணி. தண்ணி மட்டத்துல ஒரு கோடு போடு. மேல பெட்ரோல ஊத்திக் குலுக்கு. தண்ணி கோட்டத் தாண்டி ஏறினா எத்தனால் இருக்குன்னு அர்த்தம். இன்னிக்குக் காலைலயும் குலுக்கினேனே...

ம்... ஏறுச்சு. ஒரு வெரக்கடை ஏறுச்சு.

அப்படிப் பாக்காதய்யா. என் பொண்டாட்டி ஆர்டித் அப்பத்தான் பெல்ட்டெல்லாம் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. பதினோரு வருஷத்துல மொத தடவையா 'சரி, ஒரு சுத்து வரேன்'னா. 'எறங்கு, வேற பெட்ரோல் வாங்கிட்டு வரேன்'னா மறுபடி ஏறுவாளா? பயந்துட்டேன். ஜாடிய ஒளிச்சு வச்சிட்டு ஏறிட்டேன். அவ உசுர வச்சு வெளையாடிட்டேன்யா.

ஆனா மேல போனதும் எப்படிச் சிரிச்சா தெரியுமா! உன் களஞ்சியத்தப் பாத்து, 'கூரைக்குப் பாதிதான் பெயின்ட் அடிச்சிருக்கான் பாரு, ரோட்டுப்பக்கம் மட்டும்'னு.

தோ, உன் பிக்கப்லேர்ந்து கூப்பிடறா. முன்சீட்டுல எனக்கு எடம் வச்சிருக்காளாம். பாவம், நான் சொன்னத நம்பி அவளும் உன் சோளத்தத்தான் திட்டிக்கிட்டிருக்கா.

இருய்யா, வண்டிய எடுக்காதே. மொதல்ல அவகிட்ட உள்ளதச் சொல்லிடறேன். நான் முன்சீட்டா, பின்னாடி தொட்டியா, இல்ல நடந்தே வரணுமான்னு அப்புறம் அவளே சொல்லட்டும்.