உடையும் வரை ஓடட்டும்

"உடையற வரைக்கும் ஓடட்டும்னு மாட்டிட்டு வந்துட்டேன்க்கா."

சானமாவு காட்டில் யானை ரோட்டைத் தாண்டுகிறது என்று உத்தனப்பள்ளி பஸ்ஸை நிறுத்தி இன்ஜினை அணைத்திருந்தார்கள். அதனால் முன் சீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்டது. ஒரே கம்பெனி யூனிஃபார்மில் இரண்டு பெண்கள். சின்னவள் டெஸ்டிங் லேப், பெரியவள் டெஸ்பேட்ச்.

"லோடு ஏத்தி வண்டி நிக்குது ஸ்டெல்லா. சுத்தியல் டெஸ்ட்தான் பாஸ் ஆயிடுச்சே?"

"ஒரு அடியைத் தாங்கிடுச்சு, சரி. ஆனா இந்த நிக்கல் ஸ்டீல் ஷாஃப்ட், வாங்கறவங்க மெஷின்ல நாள் முழுக்க லேசா லேசா வளைஞ்சு நிமிரணும். அதைத் தாங்குமா? அதுக்குத்தான் ஃபெட்டீக் டெஸ்ட் மெஷின்ல ஒரு பீஸை மாட்டி ஓட விட்டிருக்கேன்."

"இந்த லாட்ல மட்டும் என்ன சந்தேகம்?"

"ஃபர்னஸ்ல பாதியில கரண்ட் போச்சு. ஆறிப்போனதைத் திரும்பச் சூடு பண்ணி, ரெண்டு நேரத்தையும் கூட்டிச் சரின்னுட்டாங்க. பாதி வெந்த சோறு ஆறினப்புறம் அடுப்புல வெச்சா பதமா வருமா?"

"மேனேஜர் வேற லாட் பீஸை மாட்டச் சொன்னாராமே?"

"நீங்களே மாட்டி, நீங்களே கையெழுத்துப் போடுங்க சார்னேன். திரும்பிப் போயிட்டாரு."

"நீ இல்லாதப்ப மெஷினை ஆஃப் பண்ணிட்டா?"

"காலைல திரும்ப ஆன் பண்ணுவேன். எத்தனை தடவை ஆஃப் பண்ணுவாரு?"

"வேலை போயிடும்டி."

"போகட்டும்க்கா. அந்த ஷாஃப்ட் எங்கயாவது ஓடுறப்ப உடைஞ்சு யாராவது அடிபட்டா, கையெழுத்து என்னோடது."

பஸ் கிளம்பியது. பெரியவள் போனை எடுத்து, இன்ஜின் சத்தத்துக்கு மேல் லாரி டிரைவரிடம் கன்னடத்தில் கத்தினாள்.

"வண்டியை எடுக்காதீங்கண்ணா. யார் சொன்னதுன்னு கேட்டா, டெஸ்பேட்ச் சரோஜான்னு சொல்லுங்க."